சுவர் பார்த்து நடக்கலாம்: தெரு ஓவியம் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

தெரு ஓவியத்தில் ஆர்வம் வந்தவர்கள் முதலில் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்பதைத்தான். கையில் இருக்கும் போனே போதும். அதைவிட முக்கியமாக, சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டும் ஒரு பேனாவும் வேண்டும். ஒரு சுவர் நம்மை ஏன் நிறுத்தியது என்று அங்கேயே நின்று இரண்டு வரி எழுதி வைப்பதைத்தான் நான் சேகரிப்பு என்று சொல்வேன். படம் மட்டும் எடுத்துவிட்டு வந்தால் ஆறு மாதம் கழித்து போனில் நானூறு படங்கள் கிடக்கும். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கத் தோன்றாது. அந்த இரண்டு வரி இருந்தால் ஒவ்வொரு படமும் உங்களுடையதாக ஆகிவிடும். அதிலிருந்து நீங்கள் ஒரு கவிதை எழுதலாம், சேலைக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கலாம், கடைக்குப் பலகை வடிவமைக்கலாம், வெறுமனே சந்தோஷப்படவும் செய்யலாம்.

இந்தக் கட்டுரைக்கு சென்னையை எடுத்துக்கொள்கிறேன். படிகள் மதுரைக்கும் கோவைக்கும் பொருந்தும், நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் பொருந்தும்.

முதலில் ஒரு நூலைப் பிடியுங்கள்

பார்ப்பதையெல்லாம் எடுக்கக் கிளம்பினால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். கண்கள், பறவைகள், நீல நிறம், மூடிய கடைகளின் ஷட்டர், டீக்கடைப் பலகை, ஆட்டோவின் முதுகு என்று எதுவாகவும் இருக்கலாம். தேர்ந்தெடுத்த பிறகு தெரு வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். தினமும் கடந்துபோன சுவரில் இத்தனை நாளாக ஒரு கிளி இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

என்னைக் கேட்டால், தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்தைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கையால் வரையப்பட்ட சுவர் எழுத்திலிருந்தும் கடைப் பலகையிலிருந்தும் அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளையும், கூடவே ஆய்த எழுத்தையும் சேகரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடிச் சுவரிலும் தொடக்கப்பள்ளிச் சுவரிலும் அரிச்சுவடி முழுவதும் வரிசையாக வரைந்திருப்பார்கள்; அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்யும் எழுத்தாக இருக்க வேண்டும், அதாவது ஏதோ ஒன்றை விற்பதற்கோ, அழைப்பதற்கோ, எச்சரிப்பதற்கோ எழுதியதாக. 'ஐ' உடனே கிடைத்துவிடும், ஐயங்கார் பேக்கரியும் ஐஸ் கம்பெனியும் இல்லாத வட்டாரம் ஏது? 'ஏ' ஏஜென்சிகளிடம் இருக்கிறது. 'ஓ'வுக்கு ஓட்டல். 'ஊ' வேண்டுமானால் ஊறுகாய் விற்கும் கடையையோ ஊராட்சி அலுவலகத்தையோ தேட வேண்டும். 'ஈ'க்கு ஈரோட்டு ஜவுளிக்காரர் யாராவது உதவுவார். ஆய்தம் முன்பெல்லாம் அரிது. இப்போது ஃபேன்சி ஸ்டோரும் ஃபோட்டோ ஸ்டுடியோவும் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்துவிட்டன. 'ஔ'தான் சோதிக்கும். ஔவையார் பெயர் தாங்கிய தெருவோ மன்றமோ கண்ணில் பட்டால் ஒழிய அது கிடைக்காது, கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சிக்கு அளவும் கிடையாது.

உயிரெழுத்து முடிந்ததும் இன்னொரு வேட்டை இருக்கிறது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை வெளியிட்டது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை போன்ற கொம்பு இருந்தது. ணா, றா, னா மூன்றும் துணைக்கால் தனியாக இல்லாமல், சுழித்துக்கொண்டு ஒவ்வொன்றும் ஒரே எழுத்தாக நின்றன. பழைய கட்டடங்களின் முகப்பிலும், மளிகைக் கடைகளின் தகரப் பலகைகளிலும், மூத்த ஓவியர்கள் எழுதிய பெயர்களிலும் இன்னமும் அவை கிடைக்கின்றன. கட்டடம் இடிபடும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடுகிறது. ஆகையால் இந்த வேட்டையை நான் அவசரமானது என்றே சொல்வேன்.

எங்கே போவது

முதல் நடை உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கட்டும். ஒரு கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டாதீர்கள். புகழ்பெற்ற ஓவியங்களிடம் முதல் நாளே போனால், மற்றவர்கள் எடுத்த அதே கோணத்தில் நின்று அதே படத்தை எடுத்துவிட்டு வருவோம். சொந்தத் தெருவில் அப்படி நடக்காது, முன்மாதிரி இல்லாததால் நம் கண்ணையே நம்பியாக வேண்டும்.

அதன் பிறகு பெரிய சுவர்களுக்குப் போகலாம். கடற்கரையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் இந்திரா நகர் நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்தின் வெளிச்சுவரில் 2021இல் வரையப்பட்ட பிரம்மாண்டமான முகங்கள் இருக்கின்றன. சென்னை ஓவியர் ஏ-கில், தில்லியைச் சேர்ந்த கத்ரா இருவரும் சேர்ந்து, எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வுக்காகச் செய்த வேலை அது. வெவ்வேறு வயது, வெவ்வேறு தோற்றம் கொண்ட மனிதர்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாருக்குத் தொற்று இருக்கிறது என்று முகத்தை வைத்துச் சொல்லிவிட முடியுமா என்ற கேள்வி பார்ப்பவருக்குத் தானாக எழும். வெயிலும் மழையும் பட்ட சுவர், நிறம் மங்கியிருக்கலாம். மங்கலும் பதிவு செய்ய வேண்டிய ஒன்றுதான். சாலையின் எதிர்ப்புறத்தில் நின்றால் முழுதும் தெரியும்.

அடுத்தது பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்ட குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் அரசு குடியமர்த்திய மிகப்பெரிய குடியிருப்பு அது. முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காமல் போகிறது என்று அங்குள்ளவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். 2020 தொடக்கத்தில், பொதுச் சுவர்களில் ஓவியம் வரைய ஏற்பாடு செய்யும் ஸ்டார்ட் இந்தியா (St+art India) அறக்கட்டளை உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களை அழைத்துவந்து, அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களை முழு உயரத்துக்கு வரைய வைத்தது. வீடுகளின் மேல் வரையப்பட்ட ஓவியங்கள் அவை என்பதை நினைவில் வையுங்கள். ஜன்னலுக்குள் கேமரா போகக் கூடாது. கொடியில் காயும் துணியும், குடத்துடன் நிற்கும் பெண்களும் உங்கள் படத்துக்கு அலங்காரம் கிடையாது. போனதும் ஒரு டீக்கடையில் உட்காருங்கள். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எந்தச் சுவர் தங்களுக்குப் பிடிக்கும் என்று அங்குள்ளவர்களிடமே கேளுங்கள். வழிகாட்டும் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்வார்கள். அவர்களுடைய முகத்தை எடுப்பதானால் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு எடுக்க வேண்டும்.

கட்சிச் சுவர்களை விட்டுவிடாதீர்கள். கலை ஆர்வலர்கள் பலர் அவற்றை ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தமிழ்நாட்டின் சுவர் ஓவியத் திறமையில் பெரும்பகுதி அங்குதான் வளர்ந்திருக்கிறது. சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரையும் வருடத்தையும் ஓரத்தில் எழுதிச் சுவரைப் பிடித்து வைப்பதிலிருந்து அந்த வேலை தொடங்குகிறது. பிறகு நீலப் பொடி தோய்த்த நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். நூல் அடிப்பது என்பார்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே சாக்பீஸால் எழுத்தை மதிப்பிட்டு, பட்டை பிரஷ்ஷால் நிரப்பி, கடைசியில் ஒரு பக்கமாக நிழல் கொடுப்பார்கள். ஆள் உயர எழுத்தை அளவுகோல் இல்லாமல் சுவரின் கடைசி விளிம்பு வரை சரியாக முடிப்பதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் அரை நாள் ஒதுக்குங்கள். ஒரு நடைமுறைக் குறிப்பு: தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் அரசுக் கட்டடங்களில் உள்ள விளம்பரங்களை 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. பொது இடங்களுக்கும் அடுத்தடுத்துக் கெடு உண்டு. ஆகவே சுவர் எழுத்தை எடுக்க நினைப்பவர்கள் அறிவிப்புக்கு முந்தைய வாரங்களில் நடந்துவிட வேண்டும்.

கோலமும் இந்தப் பட்டியலில் வரும். மார்கழியில் காலை ஆறரைக்கு முன் மயிலாப்பூரின் மாட வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளுக்குப் போங்கள். ஏழு மணிக்கு மேல் ஸ்கூட்டர் ஏறிவிடும். ஜனவரியில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும்போது ஒரே வீதியில் ஏராளமானவற்றைப் பார்க்கலாம், போடுகிற கைகளையும் பார்க்கலாம். கோலத்துக்கு ஒரு தனி வசதி உண்டு: படமே இல்லாமல் சேகரிக்கலாம். '15 புள்ளி, இடைப்புள்ளி, 8இல் நிறுத்தவும்' என்று எழுதி, வளைவை மட்டும் நோட்டில் வரைந்துகொண்டால் வீட்டுக்கு வந்து முழுக் கோலத்தையும் போட்டுவிடலாம். கோலத்தை வாசல் அலங்காரம் என்று மட்டும் நினைப்பவர்கள் 2019 டிசம்பரை நினைத்துக்கொள்ள வேண்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக பெசன்ட் நகரில் கோலம் போட்டவர்களைப் போலீஸார் பிடித்துச் சென்று பிறகு விடுவித்தார்கள். அடுத்த நாள் முதல் அதே எதிர்ப்பு வாசகத்துடன் பல வீட்டு வாசல்களில் கோலங்கள் வந்தன.

படம் எடுப்பது

ஒரு சுவருக்கு நான்கு படங்கள் எடுங்கள். முதலாவது சுவர் முழுவதும். இரண்டாவது, சுவரும் அதைச் சுற்றிய தெருவும்: மின்கம்பம், பூக்கடை, நிற்கும் சைக்கிள் எல்லாம் சேர்ந்து வர வேண்டும், அளவும் இடமும் அதிலிருந்துதான் பின்னால் புரியும். மூன்றாவது, பிரஷ் ஓடிய தடம் தெரியும் அளவுக்கு மிக அருகில் ஒன்று. நான்காவது கையெழுத்து. பெரும்பாலும் கீழ் வலது மூலையில் இருக்கும்; விளம்பரச் சுவர்களில் 'ஆர்ட்ஸ்' என்று முடியும் பெயரும் போன் எண்ணும் சிறிதாக எழுதியிருப்பார்கள். நான்கில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் இரண்டாவதை எடுங்கள்.

முழுச் சுவரை எடுக்கும்போது சுவரின் நடுப்பகுதிக்கு நேராக நின்று, போனைச் சுவருக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். அருகில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரங்கள் வளையும். முடிந்தவரை பின்னால் போய் இருமடங்கு பெரிதாக்கி எடுத்தால் கோடுகள் நேராக வரும். வெயில் நேராக அடிக்கும் சுவரில் நிறம் வெளிறிவிடும். கிழக்குப் பார்த்த சுவரை மாலையிலும், மேற்குப் பார்த்த சுவரை காலையிலும் எடுங்கள். நிழலில் இருக்கும் சுவரில்தான் வண்ணம் உள்ளபடி பதியும். மேகமூட்டமான நாள் எல்லாச் சுவருக்கும் ஏற்றது. காரையின் வெடிப்பும் வண்ணத்தின் தடிப்பும் தெரிய வேண்டுமானால் மட்டும் இதற்கு நேர்மாறாக, வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். மழை விட்ட அரை மணி நேரத்தில் வண்ணங்கள் அடர்த்தியாகத் தெரியும். அப்போது எடுத்தால் 'ஈரச் சுவர்' என்று குறித்து வையுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை ஒப்பிடும்போது குழப்பும்.

கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை இயக்கி வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அளவும் சுருங்கும், இருப்பிடத் தகவலும் அழிந்துவிடும். நண்பர்களுக்கு அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

நோட்டில் எழுதுவது

அன்றைய ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த பிரசாய் என்ற புகைப்படக்காரர் 1930களில் அந்நகரின் சுவர்க் கீறல்களைப் படமெடுக்கத் தொடங்கினார். யாரோ ஆணியாலும் கத்தியாலும் கீறிய முகங்கள், இதயங்கள், மண்டையோடுகள். அவற்றைக் கலை என்று யாரும் நினைக்காத காலம். அவர் சிறு நோட்டில் முகவரியைக் குறித்து, பக்கத்திலேயே உருவத்தையும் வரைந்து வைத்தார். வருடங்கள் கழித்து அதே சுவருக்குத் திரும்பிப் போய் அந்த முகம் எவ்வளவு ஆழமாகியிருக்கிறது, மேலே என்ன சேர்ந்திருக்கிறது என்று மறுபடி எடுத்தார். 1956இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. நோட்டு இல்லாமல் அந்தத் திரும்பிப் போதல் நடந்திருக்காது.

உங்கள் நோட்டில் தேதி, நேரம், தெரு, எளிதில் மாறாத ஓர் அடையாளம் ஆகியவை முதலில் வர வேண்டும். கடைகள் மாறும், கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி அவ்வளவு சீக்கிரம் மாறாது. சுவரில் வாசகம் இருந்தால் எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதுங்கள். எதனால் வரைந்தது என்று தெரிந்தால் அதையும் எழுதலாம்: சுண்ணாம்பில் கரைத்த பொடி வண்ணம் விரலில் ஒட்டும், எனாமல் பளபளக்கும், ஸ்பிரே பெயிண்ட் ஓரத்தில் புகைபோல மங்கும். பெரிய ஓவியமானால் யார் செலவில் வரையப்பட்டது என்று மூலையில் உள்ள சின்னங்களைப் பார்த்துக் குறியுங்கள். பெயிண்ட் கம்பெனியா, மாநகராட்சியா, தொண்டு நிறுவனமா, ரசிகர் மன்றமா என்பது ஓவியம் எதைப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்பதைப் பாதி விளக்கிவிடும்.

கடைசியாக 'ஏன் நின்றேன்' என்று ஒரு வரி. 'அழகாக இருந்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். 'புலியின் கண்ணில் இருக்கும் பச்சையும் எதிர்க்கடை ஷட்டரின் பச்சையும் ஒன்று. அந்த ஷட்டருக்கு வாங்கிய டப்பாவில் மிஞ்சியதாக இருக்குமோ' என்று எழுதினால் அது உங்கள் வரி. 'பாட்டியின் மூக்குத்தியை இப்படித்தான் வரைய வேண்டும்' என்று எழுதினால் அதிலிருந்து ஒரு வேலையே பிறக்கும். எதுவும் தோன்றவில்லை என்றால் படத்தை எடுக்காமல் நகர்ந்துவிடுவது நல்லது.

வரைந்தவரைத் தேடிப் போங்கள்

கையெழுத்தில் எண் இருந்தால் கூப்பிடுங்கள். 'அண்ணே, அந்த முக்குல இருக்கிற மாவு மில் சுவர் நீங்க வரைஞ்சதா? ஐந்து நிமிஷம் பேசலாமா?' என்று கேட்டால் போதும், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். தங்கள் சுவரைப் பார்த்துவிட்டு யாரும் கூப்பிட்டதில்லை என்பார்கள். யாரிடம் தொழில் கற்றார், முதல் சுவர் எது, அந்த 'ழ'வை எங்கிருந்து தொடங்குவார், எந்த எழுத்து இன்னமும் கஷ்டப்படுத்துகிறது என்று கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி முதல் பேச்சிலேயே கேட்க வேண்டாம்.

இவர்களில் மூத்தவர்கள் பலர் சினிமா பேனரில் கை பழகியவர்கள். சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, திரைத்துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றும் முறை அவர்களுடையது. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் அச்சு பரவி அந்தத் தொழிலை ஏறத்தாழ முடித்து வைத்தது. அண்ணாசாலையில் தலைக்கு மேல் நின்ற அந்த இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த முகங்களில் மிகக் கொஞ்சமே இன்று படமாகவாவது மிஞ்சியிருக்கின்றன. ஓவியர் சம்மதித்தால் பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். என் கணக்கில், நூறு படங்களைவிட அந்த ஒரு பதிவு மதிப்பானது.

அனுமதியில்லாமல் இரவில் வரைபவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் மேல் பாயக்கூடும். அப்படிப்பட்டவரை அடையாளம் தெரிந்தாலும் முகத்தையோ உண்மைப் பெயரையோ எங்கும் வெளியிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றே படங்களைக் கணினிக்கு மாற்றி வைத்துவிடுங்கள். கோப்புப் பெயரில் வருடம், மாதம், நாள், இடம், பொருள் என்று வரிசையாக வரட்டும்: 2025-12-20-மயிலாப்பூர்-கோலம் என்பது போல. வருடம் முன்னால் இருந்தால் கணினி தானாகக் காலவரிசையில் அடுக்கிவிடும். நோட்டுப் பக்கத்தையும் படமெடுத்து அதே பெயரில் சேருங்கள். இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு இடங்களில். இதற்கு மேல் சிக்கலான முறை எதுவும் வேண்டாம், சிக்கலானதைத் தொடர மாட்டோம்.

மாதம் ஒரு முறை மொத்தத்தையும் பார்த்து, பத்தே பத்து படங்களை மட்டும் அஞ்சலட்டை அளவில் அச்செடுங்கள். தரையில் பரப்பி இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். உங்களுக்கு எது பிடிக்கிறது என்று நீங்கள் நினைத்ததும், உண்மையில் திரும்பத் திரும்ப எதன் முன்னால் நின்றிருக்கிறீர்கள் என்பதும் ஒன்றாக இருக்காது. பறவை தேடிப் போனவர் கதவுகளாக எடுத்து வந்திருப்பார். அப்படித் தெரிந்தால் நூலை, அதாவது தேடும் பொருளை, மாற்றிக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து சொந்த வேலை தொடங்குகிறது. படத்தைப் பார்க்காமல், நினைவிலிருந்து ஐந்து நிமிடத்தில் அந்தச் சுவரை வரைந்து பாருங்கள். வரையத் தெரியாது என்பவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். நினைவில் தங்கிய மூன்று விஷயங்கள் மட்டும் தாளில் வரும், உங்களுக்கு வேண்டியவையும் அவையே. பிறகு ஒரு சுவரிலிருந்து நான்கு நிறங்களை மட்டும் எடுத்து வேறொன்றில் பயன்படுத்துங்கள்: ரவிக்கைத் துணி, அழைப்பிதழ், வீட்டுக் கதவு. எழுத்து சேகரித்தவர்கள் தாங்கள் கண்ட 'அ'க்களில் ஒன்றைப் பட்டை பிரஷ்ஷால் பழைய செய்தித்தாளில் நாற்பது முறை எழுதிப் பாருங்கள். பிரஷ்ஷை எந்த இடத்தில் திருப்பினால் தடிப்பு மெலிகிறது என்று கை கண்டுபிடித்த பிறகு உங்கள் பெயரின் முதலெழுத்தை அதே நடையில் எழுதுங்கள். அடுத்தவர் சுவரை அப்படியே நகலெடுத்து நம்முடையது என்று காட்டுவதற்கும், அதன் முறையைக் கற்று நம் பொருளைச் சொல்வதற்கும் உள்ள தூரத்தைக் கையால் செய்து பார்த்தால்தான் உணர முடியும்.

பொருளாகச் சேகரிக்க விரும்பினால்

சுவரிலிருந்து எதையும் பெயர்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். 2016 மார்ச்சில் இத்தாலியின் பொலோன்யா நகரில், தெரு ஓவியங்களைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்துக் கண்காட்சி வைக்க ஏற்பாடு நடந்தபோது, ப்ளூ என்ற புகழ்பெற்ற ஓவியர் இருபது வருடங்களாக அந்நகரில் தான் வரைந்தவற்றையெல்லாம் நண்பர்களுடன் சேர்ந்து சாம்பல் நிறம் பூசி மறைத்துவிட்டார். தெருவுக்காக வரைந்ததைத் தெருவிலிருந்து எடுப்பது அதை வரைந்தவரை எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

நியாயமான வழிகள் இருக்கின்றன. மூடப்பட்ட கடைகளின் பழைய தகரப் பலகைகள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன; கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார். தகரத்தில் எனாமல் எழுத்து இருந்தால் காய்ந்த பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள், தின்னர் பக்கமே போக வேண்டாம். பெரிய ஓவியர்கள் பலர் தங்கள் படைப்பின் அச்சுப் பிரதிகளை விற்கிறார்கள். மூலையில் பென்சிலால் 12/50 என்று இருந்தால், மொத்தம் ஐம்பதில் அது பன்னிரண்டாவது பிரதி. அதற்கு ஃப்ரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். சென்னை ஈரப்பதத்தில் ஒட்டிக்கொண்டால் பிரியாது.

எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது, பிடித்த சுவர் ஓவியரிடமே உங்களுக்காக ஒன்று வரையச் சொல்வது. இரண்டடிக்கு ஒன்றரை அடித் தகரம், உங்களுக்குப் பிடித்த ஒரு சொல் அல்லது ஊர்ப் பெயர். அவர் சொல்லும் விலையில் பேரம் பேசாதீர்கள், முன்பணம் கொடுங்கள், எழுத்து நடையை அவரிடமே விட்டுவிடுங்கள். முடிந்ததும் பெயரையும் தேதியையும் போடச் சொல்லுங்கள். தயங்குவார், வற்புறுத்திக் கேளுங்கள்.

உரிமை பற்றி

சுவர் பொது இடத்தில் இருந்தாலும் ஓவியத்தின் பதிப்புரிமை பொதுவில் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பங்களைப் படமெடுத்து வெளியிடுவதற்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கில் ஓவியம் என்ற வகை குறிப்பிடப்படவில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் எடுத்து வைத்துக்கொள்வதில் பிரச்சினை கிடையாது. சமூக ஊடகத்தில் பகிரும்போது ஓவியர் பெயரையும் இடத்தையும் தவறாமல் எழுதுங்கள். சட்டையில் அச்சடிக்கவோ, நாட்காட்டி போடவோ, விளம்பரத்தில் வைக்கவோ போகிறீர்கள் என்றால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒரு காப்பீட்டு நிறுவனம் தன் விளம்பரத்தில் மும்பைச் சுவரோவியம் ஒன்றைப் பயன்படுத்தியது தொடர்பான வழக்கு 2023இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

திரும்பிப் போங்கள்

எடுத்த சுவர்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு ஒரு முறை அதே மாதத்தில் போய், அதே இடத்தில் நின்று எடுங்கள். நிறம் எந்த வரிசையில் போகிறது என்று தெரியவரும், சிவப்பு சீக்கிரம் வெளிறும். மேலே போஸ்டர் ஒட்டியிருந்தால் அதோடு எடுங்கள். வெள்ளையடித்திருந்தால் வெற்றுச் சுவரையும் எடுத்துத் தேதி போட்டு அதே கோப்பில் சேருங்கள். பிறகு பழைய படத்தை, சுருக்காமல் முழு அளவில், வரைந்தவருக்கு அனுப்புங்கள். சுவர் எழுத்து ஓவியர்கள் பலரிடம் தங்கள் வேலையின் படம் ஒன்றுகூட இருக்காது. அடுத்த வேலை கேட்டுப் போகும்போது காட்ட அவருக்கு அது உதவும்.